கல்லங்குறிச்சிக்கு எத்தனை எழுத்து?

விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். க, ல், ல, ங், கு, றி, ச், சி. எட்டு எழுத்து. அரியலூருக்குப் பக்கத்து ஊர். சிலைக்குப் பதிலாகக் கல் கம்பமே பெருமாளாக நிற்கும் கலியுக வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கிற ஊர். விளைந்ததில் ஒரு பங்கைக் காணிக்கையாக மூட்டை கட்டிக்கொண்டு வரும் விவசாயிகளுக்கு வழி சொல்லத் தேவையில்லாத ஊர். நான்காம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் எட்டு என்றுதான் சொல்லும்.

இதே பெயரைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் 14 என்கிறது. அதே கம்ப்யூட்டரில் வேறு விதமாகக் கேட்டால் 42 என்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் 13. நான்குமே சரியான விடை என்பதுதான் வம்பு.

இந்த வாரம் அந்த வம்பைப் பற்றித்தான். கொஞ்சம் டெக்னிக்கலான சங்கதி. ஆனால் 'பெயர் பொருந்தவில்லை' என்ற ஒரே வரியால் பென்ஷனோ, உதவித்தொகையோ, பாலிசிப் பணமோ நின்றுபோன யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், கடைசி வரைக்கும் வாருங்கள். அந்த வரி எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு ஒரு விடையாவது இங்கே இருக்கிறது.

இது வேறு கோபால்

என் தோழி ஒருத்தி கல்லங்குறிச்சிக்காரி. சென்னையில் ஒரு நிறுவனத்தில், வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றின் பழைய புரோகிராம்களைப் புது இடத்துக்குக் குடிமாற்றும் வேலையில் இருக்கிறாள். போன மாதம் ராத்திரி பதினொரு மணிக்கு அவளிடமிருந்து வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ். "ஏய், பேருக்கு முன்னாடி ஸ்பேஸ் போடுன்னு சொன்னா போடவே மாட்டேங்குதுடி. எர்ரரும் காட்டல. ரெண்டு நாளா உயிர எடுக்குது இந்த கோபால்!"

கோபால் என்றதும் 'புதிய பறவை' சரோஜாதேவி நினைவுக்கு வந்தால் மன்னிக்கவும், இது வேறு கோபால். 1959-ல் அமெரிக்காவில், வியாபாரக் கணக்கு வழக்குகளுக்கென்றே உருவாக்கத் தொடங்கிய கம்ப்யூட்டர் மொழி. கிரேஸ் ஹாப்பர் என்ற அமெரிக்கக் கடற்படைப் பெண் அதிகாரி அதற்கு முன்பே வடிவமைத்திருந்த மொழிதான் இதற்குப் பெரிய அளவில் அடித்தளம். கூட்டு, கழி, நகர்த்து என்று ஆங்கில வாக்கியம் மாதிரியே எழுதலாம். அறுபது வயது தாண்டியும் கோபாலுக்கு ரிட்டயர்மென்ட் கிடைக்கவில்லை. உலகின் பல வங்கிகள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், அரசுத் துறைகளின் கணக்குகள் இன்னமும் அதன் தோளில்தான் ஓடுகின்றன. 2020 ஏப்ரலில் கொரோனாவால் வேலை இழந்தவர்கள் உதவித்தொகை கேட்டுக் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் ஃபில் மர்ஃபி, கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று வெளிப்படையாகவே அழைப்பு விடுத்தார்.

நம் ஊருக்கும் கோபாலுக்கும் பழைய உறவு உண்டு. இடத்தை மிச்சம் பிடிக்க வருடத்தை இரண்டே இலக்கத்தில் எழுதி வைத்தார்கள் அந்தக் காலத்தில். 2000 பிறந்தால் '00' என்பது 1900-ஆ, 2000-ஆ என்று குழம்புமே என்று உலகமே பதறிய ஒய்-டூ-கே காலத்தில், அந்தப் பழைய கோடுகளைத் திருத்த இந்தியாவிலிருந்து ஏகப்பட்ட பேர் போனார்கள். தமிழ்நாட்டிலிருந்தும்தான். உங்கள் தெருவில் 'யு.எஸ். மாமா' யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஒருவேளை அவரை விமானம் ஏற்றிவிட்டதே கோபாலாக இருக்கலாம்.

கட்டம் கட்டமாக ஒரு உலகம்

அரசுத் தேர்வு விண்ணப்பத்தில் பெயருக்கு வரிசையாகக் கட்டம் போட்டிருப்பார்களே, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, அதுதான் கோபாலின் உலகம். அன்றைக்குத் தகவலை எல்லாம் துளையிட்ட அட்டையில்தான் ஏற்றினார்கள். ஓர் அட்டைக்கு 80 கட்டம். பெயருக்கு 20, ஊருக்கு 20, தொகைக்கு 6 என்று முன்கூட்டியே பாகப்பிரிவினை ஆகிவிடும். 'பிக் எக்ஸ் 20' என்று கோபாலில் எழுதினால், இருபது கட்டம் உள்ள ஒரு வரிசை என்று அர்த்தம்.

ராணி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் நான்கு கட்டம் நிறையும். மீதிப் பதினாறு? அவை வெறுமனே விடப்படுவதில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பேஸ், அதாவது ஒரு வெற்றெழுத்து, உட்கார்ந்திருக்கும். நம் கண்ணுக்கு அது வெற்றிடம். கம்ப்யூட்டருக்கு அது 'அ'வைப் போல, 'ஆ'வைப் போல இன்னொரு எழுத்து. இப்படி இட்டு நிரப்புவதைத்தான் பேடிங் என்கிறார்கள். கோபாலில் இதை யாரும் தனியாகச் செய்ய வேண்டாம். ஒரு பெயரைக் கட்டத்துக்குள் நகர்த்தினாலே வலப்பக்கம் ஸ்பேஸ் தானாக நிறைந்துவிடும். எண்ணாக இருந்தால் இடப்பக்கம் பூஜ்யம் நிறையும்.

கட்டம் பத்தாமல் போனாலும் கோபால் சத்தம் போடாது. பெயராக இருந்தால் வால் வெட்டுப்படும், எண்ணாக இருந்தால் தலை. நான்கே இலக்கம் கொள்ளும் கட்டத்தில் 12,345 ரூபாயை நகர்த்தினால் 2,345 ரூபாய்தான் மிஞ்சும். கூட்டல், கழித்தல் மாதிரிக் கணக்குகளிலாவது இதற்கு எச்சரிக்கை மணி வைக்க மொழியிலேயே வழி இருக்கிறது. யாராவது வைத்திருந்தால்தானே!

சிலேட்டும் கல்வெட்டும்

தோழியின் சிக்கலுக்கு வருவோம். அவள் வேலை செய்வது மேனேஜ்டு கோபாலில். பழைய கோபால் நேராக மெஷினோடு பேசும். மேனேஜ்டு கோபால், மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் அல்லது ஜாவா என்ற மேற்பார்வையாளரின் நிழலில் ஓடும். நினைவகத்தை எடுப்பது, திருப்பிக் கொடுப்பது எல்லாம் மேற்பார்வையாளர் பொறுப்பு. மைக்ரோ ஃபோகஸ் நிறுவனத்தின் விஷுவல் கோபால் இந்த வழியில் பெயர் பெற்றது. அது கைமாறிக் கைமாறி இப்போது ராக்கெட் சாஃப்ட்வேரிடம் இருக்கிறது. இதில் என்ன வசதி என்றால், பல லட்சம் வரிப் பழைய கோடைத் தூக்கி எறியாமலே டாட்நெட்டில் உள்ள புதுக் கருவிகளையும் பயன்படுத்தலாம். பேட்லெஃப்ட், பேட்ரைட் என்று இரண்டு ரெடிமேட் மெத்தட்கள் அங்கே உண்டு. முன்னது இடப்பக்கம் நிரப்பும், பின்னது வலப்பக்கம்.

இரண்டும் நல்ல பிள்ளைகள். ஆனால் பிறந்த வீடு வேறு, புகுந்த வீடு வேறு.

கோபாலின் கட்டம் ஒரு சிலேட்டு. அழிக்கலாம், அதன் மேலேயே மாற்றி எழுதலாம். டாட்நெட்டின் ஸ்ட்ரிங் ஒரு கல்வெட்டு. வெட்டியது வெட்டியதுதான், ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. பேட்லெஃப்ட்டைக் கூப்பிட்டால் பழைய கல்லைத் தொடாது. ஸ்பேஸ் சேர்த்துப் புதிதாக ஒரு கல்லை வெட்டி உங்கள் கையில் நீட்டும். நீங்கள் வாங்கி ஒரு பெயரில் வைத்துக்கொள்ளாவிட்டால் அந்தக் கல் காற்றோடு போச்சு. தோழியின் டீமில் யாரோ மெத்தட்டைக் கூப்பிட்டிருக்கிறார்கள், விடையை வாங்கவில்லை. எர்ரர் வராததற்குக் காரணம் அதுதான். சொன்ன வேலையை அது ஒழுங்காகவே செய்தது.

விடையை வாங்கி வைத்தாள். அப்போதும் ஸ்பேஸ் வரவில்லை!

இரண்டாவது நாளைத் தின்றது இந்த முடிச்சு. பேட்லெஃப்ட்டுக்கு 20 என்று சொன்னால் 'இருபது ஸ்பேஸ் சேர்' என்று பொருள் இல்லை. 'மொத்த நீளம் இருபது வரும்வரை சேர்' என்று பொருள். பெயர் எங்கிருந்து வருகிறது? 'பிக் எக்ஸ் 20' என்ற கோபால் கட்டத்திலிருந்து. அங்கே ராணிக்குப் பின்னால் பதினாறு ஸ்பேஸ் ஏற்கெனவே சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. ஸ்ட்ரிங்காக மாறும்போதும் அந்தப் பதினாறும் கூடவே வந்துவிட்டன. மேற்பார்வையாளர் அளந்து பார்க்கிறார், நீளம் இருபது. சேர்க்க ஒன்றும் இல்லை என்று அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். கண்டக்டர் பார்வையில் பஸ் ஃபுல். சீட்டில் உட்கார்ந்திருப்பது ஆள் இல்லை, துண்டு என்பது நமக்குத்தானே தெரியும்!

வழி எளிது. முதலில் டிரிம் செய்து வாலில் உள்ள ஸ்பேஸை வெட்ட வேண்டும், பிறகு பேட் செய்ய வேண்டும். இப்படி மாறும்போதே வாலை வெட்டிக் கொடு என்று கம்பைலருக்குச் சொல்லும் வசதியும் விஷுவல் கோபாலில் இருக்கிறது. அந்தத் திட்டத்தில் அதைப் போட்டிருக்கவில்லை. போட்டாலும், அதுவரை வால் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட மற்ற இடங்கள் தள்ளாடும் என்று பயந்து அவள் தொடவில்லை. நானாக இருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன். ஓடுகிற வண்டியில் டயர் மாற்றுகிற கதை அது.

டிரிம் செய்தும் போகாத 'ஸ்பேஸ்' ஒன்றும் இருந்ததாம். அது ஸ்பேஸே இல்லை. கோபாலில் லோ-வேல்யூஸ் என்று ஒன்று உண்டு, மதிப்பே இல்லாத பூஜ்ய எழுத்து. யாரும் எழுதாத கட்டங்களில் சில சமயம் அது படிந்து கிடக்கும். திரையில் பார்த்தால் வெற்றிடம் மாதிரியே தெரியும். டாட்நெட்டின் டிரிம் ஸ்பேஸைத்தான் வெட்டும், இதை விட்டுவிடும். இந்த மாதிரிப் பேய்களைப் பிடிக்க அவள் சொன்ன வைத்தியம் எனக்குப் பிடித்திருந்தது. பெயரைத் திரையில் காட்டும்போது இரண்டு பக்கமும் ஒரு செங்குத்துக் கோடு போட்டுக் காட்டு, பக்கத்திலேயே நீளத்தையும் அச்சிடு. கோடு தள்ளி நின்றால் நடுவில் ஏதோ ஒளிந்திருக்கிறது. ஐந்து நிமிட வேலை, இரண்டு நாளை மிச்சப்படுத்தியிருக்கும்.

ராணியும் ராணியும் ஒன்றா?

இதுவரை சொன்னது அச்சுக் கோணலாக வருகிற சங்கதி, பெரிய நஷ்டமில்லை. இனிமேல் சொல்லப்போவதுதான் வயிற்றில் அடிப்பது.

பழைய கோபாலில் இரண்டு பெயர்களை ஒப்பிட்டால், சிறியதன் பின்னால் ஸ்பேஸ் இருப்பதாகப் பாவித்துத்தான் ஒப்பிடும். நான்கு எழுத்து ராணியும், பதினாறு ஸ்பேஸோடு வரும் ராணியும் அதற்கு ஒரே ஆள். அறுபது வருஷமாக அப்படித்தான். டாட்நெட்டின் ஈக்வல்ஸ் மெத்தட்டை வைத்து ஒப்பிட்டால்? ஒன்றின் நீளம் நான்கு, மற்றதன் நீளம் இருபது. வேறு வேறு ஆள். பொருந்தவில்லை, போய் வா.

ஆக, பழைய சிஸ்டத்தில் பொருந்திய பெயர் புது சிஸ்டத்தில் பொருந்தாமல் போகும். பெயரில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது. கவுன்டரில் இருப்பவர் திரையைத் திருப்பிக் காட்டினாலும் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். 'சிஸ்டம் எடுக்கல' என்பார். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, அவர் கண்ணுக்கும் ஸ்பேஸ் தெரியாது. தோழி அந்தத் திட்டத்தில் ஒப்பிடும் இடங்களை எல்லாம் தேடி எடுத்து, இரண்டு பக்கமும் டிரிம் செய்த பிறகே ஒப்பிட வேண்டும் என்று மாற்றி எழுதினாள். எத்தனை இடம் என்று கேட்டேன். "அத மட்டும் கேக்காத" என்றாள்.

அரை மாத்திரைக்கு இரண்டு கட்டம்

இனி நம் கல்லங்குறிச்சி. தோழியின் கம்பெனி சோதனைக்கு வைத்திருந்த பெயர்கள் எல்லாம் ஜான், ஸ்மித் ரகம். அதில் விளையாட்டாகத் தன் ஊர்ப் பெயரைத் தமிழில் போட்டுப் பார்த்திருக்கிறாள். பேட்ரைட் 20 என்றால் எட்டு எழுத்துக்கும் சேர்த்துப் பன்னிரண்டு ஸ்பேஸ் வர வேண்டும் அல்லவா? ஆறுதான் வந்தது.

காரணம் யூனிகோட் தமிழை எண்ணும் விதம். 'க' ஒரு கட்டம். 'ல்' என்பது லகரம் ஒன்று, மேலே உள்ள புள்ளி ஒன்று, ஆக இரண்டு கட்டம். 'கு' என்றால் ககரமும் உகரக் குறியும், அதுவும் இரண்டு. கூட்டினால் 14. இலக்கணம் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரைதான் கொடுத்தது. கம்ப்யூட்டர் தாராளமாக இரண்டு கட்டம் கொடுத்திருக்கிறது! அதையே யூடிஎஃப்-8 என்ற முறையில் சேமித்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று பைட். மூன்று பதினாலு நாற்பத்திரண்டு.

சும்மா வேடிக்கைக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பழைய கோபாலின் 'பிக் எக்ஸ் 20' எண்ணுவது பைட்டை. இருபது பைட்டில் ஆறு முழுக் கட்டம்தான் அடங்கும். க, ல, புள்ளி, ல, ங, புள்ளி. அதாவது 'கல்லங்'. மிச்சமிருக்கும் இரண்டு பைட்டில் அடுத்த ககரத்தின் மூன்றில் இரண்டு பங்கு உடம்பு மாட்டிக்கொண்டு, திரையில் கறுப்பு டைமண்டுக்குள் கேள்விக்குறியாக முழிக்கும். குறிச்சி போயே போச்சு.

உலகத் தரத்தில் பைட்டுக்குப் பதில் அகலமான எழுத்துகளை எண்ணும் 'பிக் என்' என்ற கட்டம் கோபாலுக்குப் பிறகு வந்தது. அது பரவாயில்லை. ஆனாலும் பதினோரு கட்டத்தில் வெட்டினால் 'கல்லங்குறிச' என்று புள்ளி இழந்து நிற்கும். ராணியை ஒரு கட்டம் குறைத்தால் 'ராண'. ஆங்கிலத்தில் வால் வெட்டினால் பெயர் குட்டையாகும். தமிழில் வெட்டினால் எழுத்தே வேறு எழுத்தாகிவிடும். இது புரியாமல் தமிழில் பெயர் வாங்கும் படிவங்களை வடிவமைப்பவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. எழுத்தையும் அதன் குறியையும் சேர்த்து ஒரே எழுத்தாக எண்ணித் தரும் வசதி டாட்நெட்டிலேயே இருக்கிறது. கூப்பிட்டால் போதும்.

இதற்குத் தமிழ்நாட்டில் வேறு ஒரு வழியும் யோசித்தார்கள். தமிழின் ஒவ்வோர் எழுத்துக்கும், உயிர்மெய்க்கும்கூட, தனித்தனிக் கட்டம் கொடுக்கும் டேஸ்-16 என்ற முறை. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூனில், யூனிகோடோடு சேர்த்து இதையும் தரமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தக் கணக்கில் கல்லங்குறிச்சி கச்சிதமாக எட்டு! ஆனால் உலகம் முழுக்க போனும் பிரவுசரும் யூனிகோடில் ஓடும்போது தனி வழியில் நடப்பது கஷ்டம். அது பரவலாகப் புழக்கத்துக்கு வரவில்லை.

ஊர்ப் பெயர் நீண்டால் என்ன ஆகும்?

தமிழை ஆங்கிலத்தில் எழுதினாலும் தப்பிக்க முடியாது. 2020 ஜூன் நினைவிருக்கிறதா? ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியாகி, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அதில் கோயம்புத்தூருக்கு வந்த புது ஆங்கில வடிவம் 14 எழுத்து. பழையதோ 10. இணையமே மீம்ஸ் போட்டுச் சிரித்தது. பத்து கட்டம் ஒதுக்கிய ஏதோ ஒரு பழைய புரோகிராமைப் பராமரித்துக்கொண்டிருந்தவர் மட்டும் சிரித்திருக்க மாட்டார்.

எங்கள் தோழியின் ஊருக்கு மாவட்டப் பெயரே எத்தனை முறை மாறியிருக்கிறது பாருங்கள். திருச்சிராப்பள்ளியாக இருந்தது 1995-ல் பெரம்பலூர் ஆனது. 2001-ல் அரியலூர். 2002-ல் மறுபடி பெரம்பலூர். 2007-லிருந்து மறுபடி அரியலூர். திருச்சிராப்பள்ளி ஆங்கிலத்தில் 15 எழுத்து. பத்துக் கட்டத்தில் போட்டால் 'திருச்சிராப்' என்று மூச்சு வாங்கி நிற்கும். ஒரே வீட்டில் அப்பாவின் ஆவணத்தில் ஒரு மாவட்டம், மகளின் சான்றிதழில் இன்னொன்று. இதில் ஸ்பேஸும் சேர்ந்தால் ஒப்பிடுகிற புரோகிராம் பாவம்தான்.

உங்கள் கையில் இருப்பது

கோபாலை நம்மால் திருத்த முடியாது. நம் பக்கத்தில் பார்க்க வேண்டியவை சில உண்டு.

வங்கிக் கணக்கு எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யமும் ஒருவகை பேடிங்தான். ஸ்டேட் வங்கிக் கணக்கு எண் 11 இலக்கம். சில அறிக்கைகளில் முன்னால் ஆறு பூஜ்யம் சேர்ந்து 17 இலக்கமாக வரும். பயப்பட வேண்டாம், கணக்கு அதேதான். ஆனால் கணக்கு எண்ணே பூஜ்யத்தில் தொடங்குகிற வங்கிகளும் உண்டு. அங்கே அந்தப் பூஜ்யத்தை விட்டால் எண் தப்பு. சுயஉதவிக் குழுக் கணக்குகளை எக்ஸெலில் டைப் செய்யும் அக்காக்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தை முதலில் டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு டைப் செய்யுங்கள். இல்லாவிட்டால் எக்ஸெல் அந்தப் பூஜ்யத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். ஐஎஃப்எஸ்சி கோடு 11 எழுத்து, அதில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். ஆங்கில 'ஓ' அல்ல.

நெஃப்ட்டில் பணம் போய்ச் சேருவது கணக்கு எண்ணை வைத்துத்தான், பெயரை வைத்து அல்ல. அனுப்பும் முன் அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் வங்கிகள் கொடுக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. உங்கள் வங்கி ஆப்பில் அது காட்டும் பெயரை நிதானமாகப் படித்துவிட்டுப் பிறகு பட்டனை அழுத்துங்கள்.

ஆன்லைன் விண்ணப்பத்தில் எல்லாம் சரியாகக் கொடுத்தும் பெயர் பொருந்தவில்லை என்று வந்தால், அந்தப் பெயரை வாட்ஸ்அப்பிலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ ஒட்டினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். ஒட்டும்போது வாலில் ஒரு ஸ்பேஸும் கூடவே வந்திருக்கலாம். பெயரின் கடைசி எழுத்துக்குப் பின்னால் விரலை வைத்து, பேக்ஸ்பேஸை ஒரு தட்டுத் தட்டுங்கள். எழுத்து அழிந்தால் ஸ்பேஸ் இல்லை என்று அர்த்தம், திரும்ப டைப் செய்துவிடுங்கள். எதுவுமே அழியாத மாதிரித் தெரிந்தால், பிடித்துவிட்டீர்கள். இனிஷியலுக்கும் பெயருக்கும் நடுவே இரண்டு ஸ்பேஸ் இருக்கிறதா என்றும் அப்படியே பார்த்துவிட்டு, மறுபடி சமர்ப்பியுங்கள்.